நகரங்களில் கனமழை வெள்ளம்: அபாயத்தை அளப்பதும் குறைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வாங்கவோ கட்டவோ எண்ணுவோர், குடியிருப்போர் சங்கத்தினர், வடிகால் பணிகளைக் கவனிக்கும் உள்ளாட்சி அலுவலர்கள் ஆகியோர் கனமழை வெள்ளம் குறித்து மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. ஆற்றுப் பெருக்கையும் கடல் சீற்றத்தையும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, வானத்திலிருந்து நேராகத் தெருவில் விழுந்து தெருவிலேயே பெருகும் நீரைப் பற்றி எழுதப்படவில்லை. ஆகவே இப்பக்கம் அந்த நீரைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

எங்கள் பகுதிக்கு அருகில் ஆறோ ஏரியோ இல்லை. பிறகு எப்படி வெள்ளம் வரும்?

மழையே வெள்ளமாகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். அதே கணக்கில், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நகரப் பகுதியில் 50 மி.மீ. மழை பெய்தால் 50,000 கன மீட்டர் நீர் சேர்கிறது. மண்ணும் புல்லும் உள்ள இடத்தில் அதில் பெரும்பகுதி உள்ளிறங்கும். கூரையும் தார்ச் சாலையும் சிமெண்ட் தளமும் நிறைந்த இடத்திலோ, ஏறத்தாழ முழுவதும் மேற்பரப்பிலேயே ஓடி, மிகத் தாழ்வான புள்ளியைத் தேடிச் சேர்கிறது.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் 2014 ஜூலை 28 அன்று ஏழு மணி நேரத்தில் 292 மி.மீ. மழை கொட்டியது. பெரிய ஆறு எதுவும் கரைபுரண்டு வந்து அந்நகரை மூழ்கடிக்கவில்லை. தெருக்களில் விழுந்த நீரே வீடுகளின் தரைக்கீழ்த் தளங்களை நிரப்பியது. எனவே "ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறோம்" என்பதோடு, "சுற்றியுள்ள தெருக்களைவிட எவ்வளவு தாழ்வில் இருக்கிறோம்" என்றும் கேட்க வேண்டும்.

எவ்வளவு பெய்தால் அது ஆபத்தான மழை?

நாள் முழுவதும் பெய்த மொத்த அளவை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். நகர வெள்ளத்தைத் தீர்மானிப்பது, பெரும்பாலும், பத்து நிமிடத்துக்கும் மூன்று மணி நேரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் பெய்யும் மழையின் வேகமே. 24 மணி நேரத்தில் நிதானமாகப் பெய்யும் 100 மி.மீ. மழையை நல்ல வடிகால் அமைப்பு தாங்கிவிடும். அதே 100 மி.மீ. ஒன்றரை மணி நேரத்தில் பெய்தால் எந்த நகரமும் திணறும். ஜெர்மன் வானிலைத் துறை ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ.க்கு மேல் பெய்யும் என எதிர்பார்த்தால் கடும் மழை எச்சரிக்கையும், 40 மி.மீ.க்கு மேல் என்றால் மிகக் கடும் மழை எச்சரிக்கையும் விடுக்கிறது. சீனாவின் செங்சோ நகரில் 2021 ஜூலை 20 அன்று மாலை நான்கிலிருந்து ஐந்து மணிக்குள் மட்டும் 201.9 மி.மீ. பதிவானது.

வடிகால் கட்டியிருக்கிறார்களே, பிறகு ஏன் தண்ணீர் தேங்குகிறது?

பலர் இதைக் கோபத்தோடு கேட்கிறார்கள்; அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் பதிலில் மூன்று வெவ்வேறு காரணங்கள் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் தவறான இடத்தில் பணம் செலவாகும்.

முதலாவது, கொள்ளளவு. எந்த மழைநீர் வடிகாலும் ஒரு குறிப்பிட்ட மழை வேகத்துக்காகவே வடிவமைக்கப்படுகிறது. நியூயார்க்கின் கழிவுநீர் வலையமைப்பு பொதுவாக மணிக்கு சுமார் 44 மி.மீ. மழையைக் கணக்கில் கொண்டது; 2021 செப்டம்பர் 1 அன்று அந்நகரின் சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 80 மி.மீ. பெய்தது. மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு, அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளையை எண்ணிக் கட்டப்பட்டவை; 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தபோது கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. நகரம் வளர வளர அதே குழாய்க்கு வரும் நீரும் பெருகுகிறது. மணிக்கு 60 மி.மீ. மழையில், புல்லும் மரமும் உள்ள பத்து ஹெக்டேர் நிலத்திலிருந்து நீரில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே ஓடிவருகிறது என வைத்தால், அது நொடிக்கு சுமார் 330 லிட்டர். அதே நிலத்தில் கட்டடங்களும் சாலைகளும் வந்து பத்தில் ஒன்பது பங்கு ஓடிவந்தால், நொடிக்கு 1,500 லிட்டர். குழாயை யாரும் சுருக்கவில்லை. ஆனாலும் அது போதாமல் போய்விடுகிறது.

இரண்டாவது, நுழைவாய். தெருவோரத்தில் நீர் உள்ளே இறங்கும் கம்பி வலை இலைகளாலும் பிளாஸ்டிக்காலும் மூடிக்கிடந்தால், கீழே குழாய் பாதி காலியாக இருக்க, மேலே முழங்கால் அளவு நீர் நிற்கும். வெள்ளத்தின்போது மேன்ஹோல் மூடிகள் தூக்கியெறியப்பட்டனவா, அல்லது அமைதியாகக் கிடந்தனவா என்று கவனித்தாலே குழாய் நிரம்பியதா, நீர் குழாய்க்குள் போகவே இல்லையா என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

மூன்றாவது, வெளியேறும் முனை. வடிகால் போய்ச் சேரும் கால்வாயிலோ கடலிலோ நீர்மட்டம் உயர்ந்திருந்தால், வடிகாலில் உள்ள நீர் வெளியேற முடியாமல் தேங்கும். சில இடங்களில் எதிர்த்திசையிலும் வரும். இங்கே குழாயை அகலப்படுத்துவதால் பயன் ஏதும் இல்லை.

"நூறாண்டுக்கு ஒருமுறை" மழை சென்ற ஆண்டே வந்துவிட்டது. இனி நூறாண்டுக்குக் கவலை இல்லை அல்லவா?

இந்தச் சொற்றொடர் விளைவித்த குழப்பத்தை எண்ணினால், அதைக் கைவிட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது. அதன் பொருள், ஒவ்வோர் ஆண்டும் அத்தகைய மழைக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பது மட்டுமே. சென்ற ஆண்டு பெய்தது என்பதற்காக இந்த ஆண்டின் வாய்ப்பு குறைவதில்லை. முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கும் ஒருவர், கடன் முடிவதற்குள் அத்தகைய மழையை ஒருமுறையேனும் காண்பதற்கான வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு. எழுபது ஆண்டு வாழ்நாளில் அது ஏறத்தாழ பாதிக்குப் பாதி.

மேலும், இந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கானது. மழைமேகத்தின் மையம் சில கிலோமீட்டர் அகலமே இருப்பதால், ஒரு பெரிய நகரத்தில் ஏதோ ஒரு பகுதியில் நூற்றாண்டு மழை பெய்வது அடிக்கடி நிகழக்கூடியது.

ஒரு பகுதியின் அபாயத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டு மதிப்பிடுகிறார்கள். நீர் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வேகத்தில் வரும்? அந்த இடத்தில் யார், எது இருக்கிறது? அவர்களும் அவையும் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படக்கூடியவை? காலி மைதானத்தில் ஒரு மீட்டர் நீர் நிற்பது பெரிய இழப்பு அல்ல. மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறையில் இருபது செ.மீ. நீர் நின்றால் உயிரிழப்புகள் நேரலாம்.

முதல் கேள்விக்கு விடை காண எளிதிலிருந்து கடினம் வரை மூன்று வழிகள் உண்டு. முன்பு நீர் தேங்கிய இடங்கள், தீயணைப்புத் துறைக்கு வந்த அழைப்புகள், பழைய குடியிருப்பாளர்களின் நினைவு ஆகியவற்றைத் தொகுப்பது முதல் வழி. நிலத்தின் உயரத் தரவை எடுத்துக்கொண்டு, பள்ளங்களையும் நீர் ஓடும் தடங்களையும் கணினியில் கண்டறிவது இரண்டாவது. குறிப்பிட்ட மழையைக் கணினியில் பெய்வித்து, மேற்பரப்பு நீரோட்டத்தையும் நிலத்தடிக் குழாய்களையும் இணைத்துக் கணக்கிடுவது மூன்றாவது. எல்லா நகரங்களும் மூன்றாவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில்லை. பணமும் காலமும் குறைவாக இருக்கும் நகரம் முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலே, எங்கே ஆபத்து மிகுதி என்பது பெருமளவு தெரிந்துவிடும் என்பதே என் துணிபு.

ஆனால் உயரத் தரவை அப்படியே நம்பிவிடக் கூடாது. விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளக்கும்போது, ஒரு மேம்பாலமோ சிறுபாலமோ தரவில் திடமான சுவராகப் பதிவாகிவிடும். கணினி அதை அணையாக எண்ணி, உண்மையில் இல்லாத ஓர் ஏரியை அங்கே காட்டும். இதற்கு மாறாக, பத்து பதினைந்து செ.மீ. உயரமே உள்ள நடைபாதை விளிம்பும், ஒரு சுற்றுச்சுவரும் நீரோட்டத்தையே திருப்பிவிடக்கூடியவை என்றாலும், நுணுக்கம் குறைந்த தரவில் அவை தெரியாமல் போகும். எனவே வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து சரிபார்க்காத எந்த மதிப்பீடும் முழுமையானதல்ல. இந்த நடை அலுவலகத்தில் இருப்போருக்கு வீண் வேலையாகத் தோன்றலாம். எந்த வீட்டுப் படி தெருமட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தின் வாயில் நீர்த்தடத்தை நோக்கித் திறந்திருக்கிறது என்பவை அதில்தான் தெரியவரும்.

வெள்ள வரைபடத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

ஆழத்தோடு வேகத்தையும் பாருங்கள். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே வளர்ந்த மனிதரை நிலைதடுமாறச் செய்யும்; 30 செ.மீ. ஓடும் நீர் பெரும்பாலான சிறிய கார்களை இழுத்துச் செல்லும். தேங்கி நிற்கும் நீருக்கும் தனி ஆபத்து உண்டு. 90 செ.மீ. அகலமுள்ள கதவின் வெளிப்புறத்தில் அரை மீட்டர் நீர் நின்றால், அந்தக் கதவின் மீது சுமார் 110 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் விழும். ஒரு மீட்டர் நின்றால் நான்கு மடங்கு. ஆழம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், தரைக்கீழ் அறையில் இருப்பவர் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்கும் சில நிமிடங்களில் கதவைத் திறக்கவே முடியாத நிலை வந்துவிடுகிறது. 2021இல் நியூயார்க் நகரில் அந்த மழையில் இறந்த 13 பேரில் 11 பேர் தரைக்கீழ் வீடுகளில் இருந்தவர்கள்.

பெரிய வடிகால்களாகக் கட்டிவிட்டால் பிரச்சினை தீராதா?

தீராது. அரிதாக வரும் பெருமழை முழுவதையும் நிலத்தடியில் கொண்டுசெல்லும் அளவுக்குக் குழாய் பதிக்க எந்த நகரத்துக்கும் இடமும் நிதியும் இருப்பதில்லை. பதித்தாலும், அதைவிடப் பெரிய மழை ஒன்று வரும். ஆகவே வடிகால் நிரம்பி வழிந்த பிறகு நீர் எந்த வழியாக, யார் வீட்டையும் நனைக்காமல், எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும் நகரம்தான் தப்பிக்கிறது. அதை முடிவு செய்யாத நகரத்தில் நீர் தானே முடிவு செய்துகொள்ளும்.

கோபன்ஹேகன் இதைப் பட்டறிவால் கற்றது. 2011 ஜூலை 2 அன்று அங்கே மூன்று மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 150 மி.மீ. மழை பெய்து பேரிழப்பு நேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்நகரம் ஒரு பெருமழைத் திட்டத்தை வகுத்தது: நூற்றாண்டு மழையிலும் தெருவில் சராசரியாக 10 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கக் கூடாது என்பது இலக்கு. அதற்காகச் சுமார் 300 பணிகள் வகுக்கப்பட்டன. சில சாலைகள் நடுவில் தாழ்த்தப்பட்டு நீரோடும் தடங்களாக மாறுகின்றன; பூங்காக்கள் தேவைப்படும்போது நீரைத் தேக்கும் குளங்களாகின்றன; எங்கே வேறு வழியில்லையோ அங்கே மட்டும் நிலத்தடிச் சுரங்கங்கள் வருகின்றன. ராட்டர்டாமில் 2013இல் திறக்கப்பட்ட பென்தம் சதுக்கம் வறண்ட நாளில் விளையாட்டுத் திடல்; மழை நாளில் 17 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கும் தொட்டி.

பெரும் பொறியியல் கட்டமைப்புகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட 9.7 கி.மீ. நீளச் சுரங்கம் சாதாரண நாட்களில் ஒரு பகுதியில் வாகனங்களுக்குப் பாதையாகவும், பெருவெள்ளத்தில் முழுவதும் நீருக்குப் பாதையாகவும் பயன்படுகிறது. ஆனால் அத்தகைய சுரங்கம் தன்னிடம் வந்துசேர்ந்த நீரைத்தான் கொண்டுசெல்லும். உங்கள் தெருமுனையின் அடைபட்ட கம்பி வலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பசுமைக் கூரை, நீர் ஊடுருவும் தளம், மழைத் தோட்டம் ஆகியவற்றால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எந்த மழைக்கு என்று கேட்க வேண்டும். ஆண்டுதோறும் பல முறை வரும் சிறு, நடுத்தர மழைகளில் அவை நீரின் பெரும்பகுதியை உறிஞ்சி, வடிகாலின் சுமையைக் குறைத்து, நிலத்தடி நீரையும் பெருக்குகின்றன. அரிய பெருமழையில் மண் நிறைந்துவிட்ட பிறகு, மேலும் பெய்வது அப்படியே ஓடும். நீரை உறிஞ்சும் நகரமாக மாறுவதற்குப் பெரும் முதலீடு செய்த செங்சோவிலேயே 2021 மழையில் சுரங்க ரயிலில் 14 பேர் இறந்தனர். இதைக் காட்டி அம்முறைகளைத் தள்ளிவிடுவது தவறு. அவை ஒரு படிநிலை. அதற்கு மேல் தேக்கிடமும், அதற்கும் மேல் பாதுகாப்பான வழிந்தோடு பாதையும் வேண்டும்.

வீட்டுத் தொட்டிகளைப் பற்றியும் இதே கணக்கு. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் வரும். 500 லிட்டர் தொட்டி அதில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே பிடிக்கும். குடிநீருக்கும் தோட்டத்துக்கும் நீரைச் சேமிக்க விரும்புபவர் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பார். வெள்ளத்தைக் குறைக்க விரும்புபவருக்கோ மழைக்கு முன் அது காலியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் எதிர்பார்த்தால், கீழ்ப் பாதியைப் பயன்பாட்டுக்கும், மேல் பாதியைச் சிறு துளை வழியாக மெல்ல வடியும் இடமாகவும் பிரித்துக்கொள்வது நல்லது.

என் வீட்டில் நானே செய்யக்கூடியது என்ன?

மழை பெய்யும்போது ஒருமுறை வெளியே நின்று, நீர் எந்தத் திசையிலிருந்து உங்கள் மனைக்குள் வருகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குள் நீர் நுழையும் வழிகள் சில மட்டுமே: தாழ்ந்த வாசற்படி, தரைமட்டச் சன்னல், வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவு, சுவரில் குழாயும் கேபிளும் செல்லும் துளைகள், கழிவுநீர்க் குழாய்.

கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். தெருவிலுள்ள கழிவுநீர்க் குழாய் நிரம்பும்போது, நீர் தெருமட்டம் வரை ஏறும். தெருமட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு கழிவறையும் தரை வடிகாலும் அப்போது நீர் உள்ளே பொங்கும் வாயாகிவிடும். வாசலில் எவ்வளவு மணல் மூட்டை அடுக்கினாலும் இதைத் தடுக்க முடியாது. ஒருவழி வால்வு பொருத்தி, ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து சுத்தம் செய்வதே தீர்வு. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் நீரைப் புழங்கினால் அந்நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே பொங்கும் என்பதையும் வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

மின் இணைப்புப் பெட்டியையும் மோட்டார் சுவிட்சையும் எதிர்பார்க்கும் நீர்மட்டத்துக்கு மேலே மாற்றுவது, செலவோடு ஒப்பிட்டால் மிகுந்த பலன் தரும் வேலைகளில் ஒன்று.

மனையில் மண் கொட்டி உயர்த்திவிட்டால் போதுமா?

உங்களுக்குப் போதும், அடுத்த வீட்டுக்காரருக்கு அது கேடு. உங்கள் மனையில் நின்றிருக்க வேண்டிய நீர் எங்கும் மறைந்துவிடுவதில்லை, அவர் மனையில் கூடுதலாக நிற்கிறது. பிறகு அவரும் உயர்த்துவார். இந்தப் போட்டியில் தோற்பவர் எப்போதும் பணமில்லாதவரே. உயர்த்துவது தவிர்க்க முடியாததென்றால், முழு மனையையும் நிரப்பாமல் கட்டடத்தின் தரைத்தளத்தை மட்டும் உயர்த்தி, நீர் கடந்துசெல்லும் இடைவெளியை விட்டுவையுங்கள்.

சாலைகளுக்கும் இது பொருந்தும். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தளம் போடும்போது, ஒவ்வொரு முறையும் சாலை சில செ.மீ. உயர்கிறது. இருபது ஆண்டுகளில் தெருவுக்கு மேலே இருந்த வீடுகள் தெருவுக்குக் கீழே போய்விடுகின்றன. வெள்ள அபாயத்தை நம் கையாலேயே உண்டாக்கும் செயல்களில், தடுப்பதற்கு இவ்வளவு எளிதான வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது செய்யக் கூடாதது எது?

தரைக்கீழ்த் தளத்தில் உள்ள வாகனத்தையோ பொருளையோ மீட்க இறங்கக் கூடாது. நீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் வாகனத்தை ஓட்டக் கூடாது. நீரில் மூழ்கிய மேன்ஹோலின் மூடி பெயர்ந்திருக்கலாம் என்பதால், கலங்கிய நீரில் நடந்துசெல்லக் கூடாது.

நீர் வடிந்ததும் தரைக்கீழ்த் தளத்தை உடனே பம்பு வைத்து இறைத்துவிடலாமா?

அவசரப்படக் கூடாது. சுற்றியுள்ள மண் நீரால் நிறைந்திருக்கையில் உள்ளிருக்கும் நீரை ஒரே மூச்சில் இறைத்தால், வெளி அழுத்தத்தைத் தாங்க ஆளின்றிச் சுவர் உள்நோக்கிச் சரியவும் தரை மேலெழும்பவும் கூடும். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் படிப்படியாக இறைப்பதே பாதுகாப்பானது.

காலநிலை மாற்றத்தால் இந்தக் கணக்குகள் மாறுமா?

மாறும். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்க முடியும் என்பது இயற்பியல். குறுகிய நேரப் பெருமழைகள் இதற்கு ஏற்பவும், சில இடங்களில் இதைவிட மிகுதியாகவும் வலுக்கின்றன. பல பத்தாண்டுகளுக்கு முந்திய மழைத் தரவை வைத்து இன்று ஒரு வடிகாலை வடிவமைப்பவர், அது கட்டி முடிக்கப்படும் நாளிலேயே போதாத ஒன்றைத்தான் கட்டுகிறார்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

நீர் துறை பார்த்து ஓடுவதில்லை. சாலை ஒரு துறையிடமும், வடிகால் இன்னொன்றிடமும், பூங்கா மற்றொன்றிடமும், கட்டட அனுமதி வேறோர் இடத்திலும் இருந்தால், வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்ட வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. எனவே உங்கள் உள்ளாட்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்போது வடிகால் கட்டுவீர்கள்" என்பதாக இருக்க வேண்டியதில்லை. "எங்கள் பகுதியின் வெள்ள வரைபடம் யாரிடம் இருக்கிறது, கட்டட அனுமதி தருபவர் அதைப் பார்க்கிறாரா" என்று கேளுங்கள். தூர் வாரும் அட்டவணையையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை என்பதோடு, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் நுழைவாய்களைப் பார்வையிடுவது அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு பொதுமக்கள் எதைப் பதிவு செய்து வைக்க வேண்டும்?

சுவரில் நீர் விட்டுச்சென்ற கறைக்கோடு சில நாட்களில் அழிந்துவிடும். அதற்குள் அதன் அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். இடம், நாள், நீர் ஏறத் தொடங்கிய நேரம், உச்சத்தை எட்டிய நேரம், வடிந்த நேரம், வந்த திசை, மேன்ஹோலிலிருந்து நீர் பொங்கியதா இல்லையா ஆகியவற்றை எழுதிவையுங்கள். கணினி மாதிரி காட்டும் ஆழம் 40 செ.மீ. ஆகவும், உங்கள் சுவர்க்கோடு 70 செ.மீ. ஆகவும் இருந்தால், அந்த முப்பது செ.மீ. வேறுபாட்டிலிருந்துதான் பொறியாளர் வரைபடத்தில் இல்லாத ஒரு சுவரையோ, அடைபட்ட ஒரு சிறுபாலத்தையோ கண்டுபிடிக்கிறார். நீர் வரவே இல்லாத வீடுகளின் பதிவும் அதே அளவு பயன்படும். ஆகவே நனையாத தெருவில் இருப்பவர்களும் நாளையும் நேரத்தையும் குறித்து அனுப்புங்கள்.